யாருக்குத் திறக்கிறது கல்லூரிக் கதவு?

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் மனதில் இன்று ஒரே கேள்விதான்: "எனக்கு இடம் கிடைக்குமா?" நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கூட்டுகிறார்கள், கழிக்கிறார்கள். வாலிகண்டபுரத்திலும் அதே கேள்விதான். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு, மழையையும் சந்தை விலையையும் எதிர்பார்த்து நிற்கிற குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும், விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி இது. பெற்றோருக்குப் பதில் தெரியவில்லை. நம்மைப் போன்றவர்கள் ஊருக்குள் போனால், "நீங்களாவது சொல்லுங்கள்" என்கிறார்கள்.

சொல்ல முடியுமா? ஒரு கதவைப் பற்றிச் சொல்ல முடிகிறது. இன்னொரு கதவைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் என்ஜினீயரிங் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் 100க்கு வாங்கிய மார்க்கு முழுதாகச் சேரும். பௌதிகத்திலும் ரசாயனத்திலும் வாங்கியதில் பாதி பாதி சேரும். மொத்தம் 200. கணிதம் 92, பௌதிகம் 88, ரசாயனம் 90 என்றால், 92ம் 44ம் 45ம் சேர்ந்து 181. போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில் முடிந்தது என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், தன் நிலை என்ன என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். தரகர் வேண்டாம், ஜோசியர் வேண்டாம். 1984 முதல் நடந்து வந்த நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு சட்டம் போட்டு ஒழித்து, அந்தச் சட்டம் 2007ல் அமுலுக்கு வந்ததன் பலன் இது.

மருத்துவக் கல்லூரிக்கும் 2016 வரை இதே மாதிரிக் கணக்குதான். உயிரியலுக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. 2017ல் நீட் வந்தது. கணக்கு தலைகீழானது. 180 கேள்விகள், 720 மார்க்கு. சரியான விடைக்கு 4. தவறினால் 1 பறிபோகும். பன்னிரண்டு வருஷம் பள்ளியில் படித்துப் பெற்ற மார்க்குக்கு இந்தத் தரவரிசையில் ஒரு காசு மதிப்பும் கிடையாது!

இதன் கொடுமையை நம் பக்கத்துச் சீமைதான் முதலில் அனுபவித்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் கிராமத்து மாணவி அனிதா, திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்த தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176 மார்க்கு. பழைய கணக்கில் 200க்கு 196.75. இடம் நிச்சயம். நீட்டில் கிடைத்ததோ 720க்கு 86. சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நியாயம் கேட்டார். நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று 2017 ஆகஸ்டு 22ல் தீர்ப்பாயிற்று. செப்டம்பர் 1ந் தேதி அந்தப் பிள்ளையை நாம் இழந்தோம்.

"நீட்டில் தேறாதவருக்குத் தகுதி இல்லை" என்று சில கனவான்கள் வாதம் செய்கிறார்கள். தகுதி எங்கே விற்கப்படுகிறது என்று இவர்களைக் கேட்போம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் 100க்கு 12 பேர் அளவிலேதான் முந்தைய வருஷங்களில் பள்ளி முடித்தவர்கள். 2020-21ல் 100க்கு 71 பேர்! தமிழ் வழியில் படித்துச் சேர்ந்தவர்கள் 100க்கு சுமார் 15 பேராக இருந்து, ஏறக்குறைய 2 பேராகச் சுருங்கிப் போனார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? பள்ளி முடித்த பிறகு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வீட்டிலே உட்கார்ந்து, லட்சக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் படிக்க வசதியுள்ளவருக்குக் கதவு திறக்கிறது. வெங்காயம் நறுக்குகிற கூலியில் குடும்பம் நடத்துகிறவர் தன் மகளை இரண்டு வருஷம் திருச்சியிலோ சென்னையிலோ விடுதியில் வைத்துப் படிக்க வைப்பாரா? அந்தப் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது. அப்பாவின் மடியைப் பார்த்துத்தான் போட வேண்டும். இதற்குப் பெயர் தகுதியாம்!

தமிழிலும் வினாத்தாள் உண்டு என்று பெருமை பேசினார்கள். 2018ல் அந்தத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடர்ந்தார். கேள்விக்கு 4 வீதம் 196 மார்க்கு வழங்கும்படி மதுரை ஐகோர்ட்டுக் கிளை உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. 2024ல் வினாத்தாளே வெளியாயிற்று. பாட்னாவிலும் ஹஜாரிபாக்கிலும் கசிவு நடந்ததைச் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது; ஆனாலும் மறுதேர்வு இல்லை என்றது.

பழைய முறையில் பாலும் தேனும் ஓடியது என்று நாம் சொல்லவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்துக் காசு பார்த்த தனியார் பள்ளிகள் அன்றும் கொழுத்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அன்றும் குறைவாகவே மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். ஆனால் அன்று பரீட்சை, பள்ளியில் ஆசிரியர் நடத்திய பாடத்தில் நடந்தது. அந்தப் பிடியையும் நீட் பறித்துவிட்டது.

போராட்டத்தின் பலனாக ஒரு சாளரம் திறந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமாயிற்று. முதல் வருஷமே 400க்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. 2021ல் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு இது உரிமை, சலுகை அல்ல. மருத்துவத்திலும் என்ஜினீயரிங்கிலும் இப்படிச் சேர்வோரின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதாக அறிவித்தது. ஆனால் மருத்துவத்துக்கு இந்த வழியில் போகவும் நீட் தேற வேண்டும் என்ற பூட்டு தொங்குகிறது.

அந்தப் பூட்டை உடைக்கச் சட்டமன்றம் 2021ல் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினார்கள். ஜனாதிபதியின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கான மக்களின் பிரதிநிதிகள் இரண்டு முறை ஒரே குரலில் கேட்டதற்கு இதுதான் மரியாதை!

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. பிள்ளை எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்தைப் படித்ததோ, அந்தப் படிப்பை வைத்தே அதன் வாய்ப்பை அளக்க வேண்டும். பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் ஆசிரியர் இல்லாத அரசுப் பள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. 2022ல் அரியலூர் உட்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது பெரம்பலூர் விடுபட்டது. இந்த மாவட்டத்துக்கும் ஒன்று வேண்டும். இடம் பெருகாமல் போட்டியை மட்டும் பெருக்கினால், பிள்ளைகள் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

வாலிகண்டபுரத்து மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் போடாமல் விட்ட இடம் நிச்சயமாக நமக்கில்லை. எனவே உரிமையுள்ள எல்லாக் கதவையும் தட்டுங்கள். என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம், அரசுக் கலைக் கல்லூரி எல்லாம் மதிப்புள்ள படிப்புகளே. ஒரு கதவு மூடினால் குற்றம் உங்களுடையதல்ல; மூடி வைத்தவருடையது. மனம் கலங்கினால் ஆசிரியரிடமும் வீட்டாரிடமும் வாய்விட்டுப் பேசுங்கள், தனியே சுமக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களும் வாலிபர் சங்கத் தோழர்களும் ரிசல்ட்டு வரும் வாரத்தில் பள்ளிக்கூட வாசலில் இருக்க வேண்டும். கணக்குப் போடவும், விண்ணப்பம் நிரப்பவும், கூட நிற்கவும்.

பூட்டைத் திறக்கும் போராட்டம் பெரியவர்களாகிய நம்முடையது. அதை நடத்துவோம்!