சமூகப்பணியாளர் தனி ஆலோசனை அறை திறக்கும்போது

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வருவோர் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர்: "அந்த மேடம் ஏன் வருவதில்லை?" பலர் அவரைச் செவிலியர் என்று எண்ணி 'சிஸ்டர்' என்றே அழைத்து வந்தனர். அவர் செவிலியர் அல்லர், மனநல சமூகப்பணியாளர். பதினோர் ஆண்டுகள் இங்கே பணியாற்றிய பின், இவ்வூரிலேயே தனியாக ஓர் உளவியல் ஆலோசனை அறை திறந்திருக்கிறார். "பணத்துக்காகப் போய்விட்டாரா, டாக்டர்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நானும் முதலில் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. காரணத்தை இங்கே எழுதுவது நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் பயன்படக்கூடும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுள் பலர் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தின் அருகில் படுத்திருக்கிறார்கள். அவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவரேனும் மனச்சோர்வுக்கு உள்ளாகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளி சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒருமுறை டயாலிசிஸ் தவறினாலும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும் என்று எச்சரித்தேன். தலையசைத்தார், அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நான் அதை அலட்சியம் என்று குறித்துக்கொண்டேன். சமூகப்பணியாளர் அவரது வீட்டுக்குச் சென்று வந்தார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் தம் சிகிச்சையில் கரைகிறது, தாம் இல்லாவிட்டால் அது மிஞ்சும் என்ற எண்ணத்தில் அவர் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை முடித்துத் தந்ததும், தந்தையையும் மகளையும் எதிரெதிரே அமர்த்திப் பேசவைத்ததும், மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றதும் அவர்தாம். என் மருந்துச் சீட்டால் இயலாததை அவரது பணி செய்தது.

இந்த உண்மையை மருத்துவர்கள் உணர்ந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் கேபட், நோயாளியின் வீட்டு நிலையை அறியாமல் எழுதும் மருந்து பயன்தராது என்று கண்டு, தம் புறநோயாளர் பிரிவில் ஒரு சமூகப்பணியாளரை அமர்த்தினார். தொடக்கத்தில் அதற்கான செலவு மருத்துவமனையின் கணக்கில் ஏறவில்லை. இப்பணியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதாமல் கூடுதல் உதவியாகக் கருதும் வழக்கம் இன்னும் பல மருத்துவமனைகளில் இருக்கிறது.

எங்கள் பிரிவும் விதிவிலக்கன்று. அவருக்குத் தனி அறை இருந்ததில்லை. இரு கட்டில்களுக்கு நடுவே திரைச்சீலையை இழுத்துவிட்டு, பத்து நிமிடம் பேசுவார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் காதில் விழும் என்பதால், சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். "வாரம் ஒருமுறை, முழுதாக முக்கால் மணி நேரம், கதவை மூடிவிட்டு ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டும், சார்" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

அவர் அந்த அறைக்கு ஒரே நாளில் சென்றுவிடவில்லை. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம். அதன்பின் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பு. மனநல சமூகப்பணியாளர் யார் என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறும் தகுதிகள் இவையே. அதற்கு மேல் பதினோர் ஆண்டு வார்டு அனுபவம். இவ்வளவும் இருந்தும், அறை திறக்குமுன் இரண்டாண்டுகள் ஆயத்தம் செய்தார். தம் பணியை மாதந்தோறும் ஆராய்ந்து திருத்த ஒரு மூத்தவரை ஏற்பாடு செய்தார். மருந்து தேவைப்படுவோரை அனுப்ப ஒரு மனநல மருத்துவருடன் பேசி வைத்தார். தம்மிடம் பேசப்படுவது வெளியே செல்லாது என்பதையும், உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு என்பதையும் எழுதி, முதல் நாளே கையில் தருகிறார். எங்கள் பிரிவில் தாம் கவனித்து வந்த நோயாளிகளைக் கட்டணம் செலுத்துவோராகத் தம் அறைக்கு அழைப்பதில்லை என்றும் முடிவு செய்தார். பெரியவரின் கேள்விக்கு இந்த முடிவே விடை என்று கருதுகிறேன்.

ஆனால் எல்லாப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னாலும் இத்தகைய பயிற்சி இருப்பதில்லை. என் நோயாளி ஒருவர், 'ஆலோசகர்' என்று பலகை வைத்திருந்த ஒருவரின் பேச்சைக் கேட்டு, மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்திவிட்டு, நிலைமை மோசமான பின் அவசரப் பிரிவுக்கு வந்தார். துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சமூகப்பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனினும் ஆலோசகர் என்ற சொல்லை எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதே இன்றைய நடைமுறை. ஆகவே கேட்டறியும் பொறுப்பு நம்மைச் சேர்கிறது.

முதற்சந்திப்பில் தயங்காமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்? உங்கள் பணியை மேற்பார்வையிடுபவர் உண்டா? மருந்து தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? நான் சொல்வதை யாரிடமேனும் சொல்வீர்களா? கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டியிருக்கும்? முறையாகப் பயின்றவர் இக்கேள்விகளால் புண்படமாட்டார். மனநல சமூகப்பணியாளர் மருந்து எழுதுபவர் அல்லர். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் மாட்டார். அவ்வாறு சொல்பவரிடம் மறுமுறை செல்லாதீர்கள்.

எனக்கு ஒரு கவலை எஞ்சியிருக்கிறது. அந்த அறைக்குக் கட்டணம் உண்டு. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறினாலும், பெரும்பாலான காப்பீடுகள் உள்நோயாளிச் சிகிச்சைக்கே பயன்படுகின்றன. வாராந்தர ஆலோசனையின் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. சனிக்கிழமை வராமற்போன அந்தத் தந்தையால் அதைச் செலுத்தியிருக்க முடியாது. தனி அறைகள் பெருகட்டும். பயின்றவர்கள் அவற்றைத் திறக்கட்டும். ஆனால் அவர்கள் விட்டுச் செல்லும் இடத்தை நிரப்பாமல் விடுவதற்கு மருத்துவமனைகளுக்கு உரிமை இல்லை. எங்கள் பிரிவுக்குப் புதிய சமூகப்பணியாளரையும், கதவுள்ள ஒரு சிறிய அறையையும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

அதுவரை, மனம் கனக்கிறது என்று தோன்றினால் என்னிடமோ பணியிலிருக்கும் செவிலியரிடமோ சொல்லுங்கள். இரவு நேரமாக இருந்தால் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். உடன் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டு நோயாளி ஒருமுறை டயாலிசிஸ் வேண்டாம் என்று சொன்னால், கோபப்படுமுன் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.