கடன் தருகிறார்கள், ஆர்டர் யார் தருவது?

மத்திய அரசின் ஆராய்ச்சி, மேம்பாடு, புதுமைத் திட்டத்துக்கு 2025 ஜூலை 1 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நவம்பர் 3 அன்று பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். மொத்த ஒதுக்கீடு ஒரு லட்சம் கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் மட்டும் 20,000 கோடி. அன்று முதல் டீப்டெக் நிறுவனர்களும் இன்குபேட்டர் மேலாளர்களும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா? இந்த இதழ் தன் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டிய நேரம் இது.

விண்ணப்பியுங்கள். அதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. வென்ச்சர் நிதிகளின் ஆயுள் பெரும்பாலும் பத்து ஆண்டுதான். முன்பாதியில் போட்ட பணத்தைப் பின்பாதியில் எடுத்தாக வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு உண்டு. ஒரு ராக்கெட் எஞ்சினோ மருத்துவக் கருவியோ சிப்போ அந்தக் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டு வளர்வதில்லை. இத்திட்டம் தருவதோ, குறைந்த வட்டியில், சில இடங்களில் வட்டியே இல்லாமல், நீண்ட காலக் கடன். ஸ்டார்ட்அப்களுக்கு ஈக்விட்டி வழியும் உண்டு. டீப்டெக் நிதிகளுக்கான நிதியத்துக்கும் பங்கு. டிஆர்எல் (தொழில்நுட்பத் தயார்நிலை) 4 அல்லது அதற்கு மேல் என்ற வரம்பு சரியானதே. ஆய்வகத்தில் நிரூபித்த பிறகு பணம் இல்லாமல் நின்றுபோன வேலைகள் எத்தனை என்று இத்துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திட்டச் செலவில் 50 சதவீதம் வரைதான் கிடைக்கும் என்பதால் மீதிப் பாதியை நீங்களே திரட்ட வேண்டும். திட்டப் பணத்தை நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் இரண்டாம் நிலை நிதி மேலாளர்களிடம் பேசும்போது இந்தக் கணக்கை முதல் நாளே மேசையில் வையுங்கள்.

இவ்வளவும் நல்ல செய்தி. இனிச் சொல்லப்போவது இத்திட்டம் தொடாமல் விட்ட இடத்தைப் பற்றி.

கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு விற்பனை வேண்டும். குடிநீர், மின்சாரம், ரயில்வே, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், விண்வெளி என்று நம் வாசகர்கள் வேலை செய்யும் துறைகளில் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். சிலவற்றில் வேறு வாடிக்கையாளரே கிடையாது. ஒரு துறை கடன் தருகிறது. அந்தக் கடனால் உருவான பொருளை இன்னொரு துறையின் டெண்டர் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டு துறைகளையும் ஒரே கோப்பில் கொண்டுவராத வரை ஒரு லட்சம் கோடி என்பது நிறுவனர்களின் தலையில் ஏறும் கடன் பாரம்தான்.

பெரிய கனவோடு தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியவர்களின் அனுபவம் சொல்வதும் இதுவே. ஸ்பேஸ்எக்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் எலான் மஸ்கின் பிடிவாதத்தைப் பேசுகிறார்கள். ஃபால்கன் 1 முதல் மூன்று முறை தோற்றதையும், 2008 செப்டம்பர் 28 அன்று நான்காம் முறை வென்றதையும் பேசுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் ராக்கெட் 2006 மார்ச்சில் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாசா அந்த நிறுவனத்தோடு சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டது. அது மானியம் போல மொத்தமாகக் கொடுத்த பணம் கிடையாது. வடிவமைப்பு ஆய்வு, சோதனை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்குரிய தொகை. நான்காவது ஏவுதல் வென்ற மூன்று மாதத்துக்குள், 2008 டிசம்பரில், 12 பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஆர்டர். நிறுவனரின் துணிச்சல் உண்மைதான். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால், தோல்வியைப் பார்த்த பிறகும் கையெழுத்திட்ட ஒரு வாங்குபவர் இருந்தார் என்பதும் உண்மை.

நம் நாட்டு அனுபவத்துக்கு வருவோம். ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இந்தியாவிலேயே மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்து வெளியிட்டது. உள்ளூர் வங்கிகள் நம்பாத காலத்தில் ஓமன் நாட்டிலிருந்து முதலீடு வந்தது. இறக்குமதித் தடுப்பூசியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு அது கிடைத்தது. இங்கே ஒரு நிறுவனர் செய்ய வேண்டிய எல்லாமே நடந்துவிட்டது: அறிவியல் சரி, தரம் சரி, விலை சரி. யுனிசெஃப் வாங்கியது. நம் அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2002-03-இல் சில இடங்களில் பைலட்டாக நுழைந்து, 2007-08-இல் பத்து மாநிலங்களுக்கு விரிந்து, நாடு முழுவதற்கும் வந்தது 2011-இல். தயாரிப்புக்கும் நாடு தழுவிய கொள்முதலுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். இதற்கிடையில் 2006-இல் பிரான்சின் மெரியோ குழுமம் பெரும்பங்கை வாங்கியது. 2009-இல் சனோஃபி அதை எடுத்துக்கொண்டது. அத்தனை தாமதத்துக்கும் கொள்முதல் விதிகள் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பொதுச் சுகாதார வட்டாரத்தில் விவாதங்களும் நடந்தன. ஆனாலும் இந்த நாட்டின் குழந்தைகளுக்கெல்லாம் அந்த ஊசி போகத் தொடங்கியபோது, அதை இங்கே முதலில் உருவாக்கிய நிறுவனம் வேறு நாட்டாரின் கையில் இருந்தது.

ட்ரோன் துறையில் ஐடியாஃபோர்ஜைப் பாருங்கள். ஐஐடி பம்பாயிலிருந்து வந்தவர்கள் 2007-இல் தொடங்கிய நிறுவனம். இந்திய ராணுவத்திடமிருந்து ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் மதிப்புள்ள பெரிய ஆர்டர் வந்தது 2021 ஜனவரியில். 2023 ஜூலையில் பங்குச்சந்தைக்கு வந்தது. 2024-25-இல் அதன் வருவாய் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒரு வாங்குபவரின் கொள்முதல் சுழற்சியை நம்பி ஆலையும் ஆட்களும் வைத்திருக்கும் நிறுவனம் எவ்வளவு ஆடிப்போகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். முதல் ஆர்டர் மட்டும் போதாது, அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்பதும் தெரிய வேண்டும்.

அரசு மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கண்முன் சான்று இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் முளைத்த அக்னிகுல், தனியார் விண்வெளி முயற்சிகளுக்கான அரசு அமைப்பான இன்ஸ்பேஸ் வழியாக 2020 டிசம்பரில் இஸ்ரோவோடு ஒப்பந்தம் செய்தது; ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென ஏவுதளம் அமைத்தது. ஒரே துண்டாக 3டி முறையில் அச்சிட்ட செமி கிரையோஜெனிக் எஞ்சினோடு அதன் முதல் ராக்கெட் 2024 மே 30 அன்று பறந்தது. அதற்கு முன் நான்கு முறை கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் தரவைப் பார்த்தார்கள், திருத்தினார்கள், மறுபடி தளத்துக்கு வந்தார்கள். நிறுத்தியதைத் தோல்வி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வசதியைப் பகிர்ந்துகொண்ட அரசு அமைப்பு, பொறியியல் என்றால் என்ன என்று தெரிந்த அமைப்பாக இருந்தது. கொள்முதல் பிரிவுகளில் நாம் தேடுவது இந்தப் புரிதலைத்தான்.

அங்கே நாம் காண்பது வேறு. வாசகர் ஒருவர் அனுப்பிய டெண்டர் ஆவணம் எங்கள் மேசையில் இருக்கிறது. ஒரு நகர உள்ளாட்சி அமைப்பு, குடிநீர்க் குழாய்க் கசிவைக் கண்டறியும் சென்சார்களுக்காக வெளியிட்டது. அந்த அமைப்பிலேயே அவரது நிறுவனம் ஓராண்டு இலவசமாகப் பைலட் செய்திருக்கிறது. பொறியாளர்கள் பாராட்டினார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். டெண்டரின் தொழில்நுட்பப் பகுதியில் உள்ள அளவுகள் அந்தப் பைலட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. தகுதிப் பகுதியைத் திறந்தால், கடந்த மூன்று நிதியாண்டின் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம். கடந்த ஏழு ஆண்டுகளில் இதேபோன்ற பணி மூன்று முடித்திருந்தால் ஒவ்வொன்றும் 40 சதவீதம், இரண்டு என்றால் 50, ஒன்று என்றால் 80 சதவீதம் மதிப்புக்கு. இந்த எண்கள் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. 2002-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் கட்டுமானப் பணிகளுக்கான முன்தகுதி பற்றி எழுதிய வழிகாட்டுதலில் இருப்பவை. பாலம் கட்டுகிறவருக்கு வகுத்த அளவுகோலை, சந்தைக்குப் புதிய ஒரு கருவிக்கு அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பைலட் செய்தவர் வெளியே நிற்கிறார். ஆர்டர் எடுத்த நிறுவனம் அவரிடமே வந்து சப் கான்ட்ராக்ட் பேசுகிறது, பாதி விலைக்கு.

விதி இல்லாமல் இல்லை. பொது நிதி விதிகள் 2017, விதி 173(i), தரமும் தொழில்நுட்பத் தேவையும் நிறைவேறினால் ஸ்டார்ட்அப்களுக்கு முன் விற்றுமுதல், முன் அனுபவ நிபந்தனைகளைத் தளர்த்த அனுமதிக்கிறது. விதி 170, டெண்டருக்கான முன்வைப்புத் தொகையிலிருந்து (இஎம்டி) விலக்குத் தருகிறது. இஎம்டி விலக்கு ஓரளவு நடைமுறையில் இருக்கிறது. அனுபவத் தளர்வு அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தளர்த்தி வாங்கிய கருவி நாளை பழுதானால் தணிக்கைக் குறிப்பு அவர் பெயரில் வரும். ஓய்வூதியம் வரை துரத்தும். தளர்த்தாமல் விட்டு, பத்து மடங்கு விலைக்கு இறக்குமதிக் கருவி வாங்கினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் எந்தப் பக்கம் கையெழுத்திடுவார்?

இதை அமைத்தவர்கள் மேலே இருக்கிறார்கள். அவர்களிடம் கோபப்பட நமக்கு உரிமை உண்டு. ஆண்டுதோறும் மாநாட்டு மேடையில் நிறுவனர்களை ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். இந்தியாவிலிருந்து ஏன் உலகத்தரத் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரவில்லை என்று அமைச்சர்கள் நம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறார்கள். உணவு டெலிவரி ஆப் செய்தது போதும், கடினமானதைச் செய்யுங்கள் என்று அறிவுரை வருகிறது. கடினமானதைச் செய்தவர்களுக்கு இவர்கள் தந்தது என்ன? இலவசப் பைலட், பாராட்டுச் சான்றிதழ், மிகக் குறைந்த விலைக்கே ஆர்டர் என்னும் எல்1. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில்தான் என்றால் யார் புகார் கொடுப்பார்? மாதச் சம்பளம் கொடுக்க வீட்டை அடமானம் வைத்த நிறுவனர்களை இந்தத் துறையில் எல்லோரும் அறிவோம். அவர்களுடைய பொருள் தோற்கவில்லை, பில் பாஸ் ஆகவில்லை, அவ்வளவுதான். இந்த நிலையில் அவர்களிடம் போய் இன்னும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது கொள்கையாகாது.

பாதுகாப்புத் துறை ஓரளவு வழி காட்டியிருக்கிறது. 2018-இல் தொடங்கிய அதன் புதுமைத் திட்டமான ஐடெக்ஸ், எந்தப் படைக்கு என்ன தேவை என்று முதலில் சொல்லிவிட்டுப் போட்டி வைக்கிறது. வென்ற பொருள் கொள்முதல் பாதைக்குள் நுழைய முடிகிறது. அங்கும் தாமதம் உண்டு. இருந்தாலும் வாங்கப்போகிறவர் முதல் நாளே அறையில் இருக்கிறார். குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மின்சாரத்துக்கும் இதே முறை ஏன் வரக்கூடாது?

எங்கள் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, விதி 173(i)-இன் தளர்வைக் கட்டாயமாக்குங்கள். மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதியட்டும். இப்போது தளர்த்துகிறவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இனி மறுப்பவர் சொல்லட்டும். இரண்டு, ஒரு லட்சம் கோடியிலிருந்து கடன் பெறும் ஒவ்வொரு திட்டத்துக்கும் தொடர்புடைய அமைச்சகத்தின் முன் உறுதி இணைக்கப்பட வேண்டும்: குறித்த தரத்தை எட்டினால் இத்தனை எண்ணிக்கை, இந்த விலைக்கு வாங்குவோம் என்று. மூன்று, அரசை நம்பிய பொருள்களுக்குக் கடன் தவணை முதல் வணிக ஆர்டருக்குப் பிறகே தொடங்க வேண்டும். நான்கு, இலவசப் பைலட்டை நிறுத்துங்கள். பைலட்டுக்குப் பணம் கொடுங்கள். முடிந்த 90 நாளில் வாங்குகிறோம் அல்லது வாங்கவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தவணை தொடங்கும் நாளையும், கட்டத் தவறினால் காப்புரிமை யார் கைக்குப் போகும் என்பதையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படியுங்கள். பைலட்டை வருவாய்த் திட்டத்தில் ஒரு ரூபாயாகக்கூட எழுதாதீர்கள். அரசுக்கு விற்கும் பொருளுக்கு ஒரு தனியார் வாடிக்கையாளரையோ ஏற்றுமதிச் சந்தையையோ முதல் ஆண்டிலேயே தேடுங்கள். சாந்தாவுக்கு யுனிசெஃப் இருந்தது போல. உங்களை வெளியே நிறுத்திய டெண்டர் பக்கங்களை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர்களை மறைத்து, விதிவாரியாகத் தொகுத்து வெளியிடுவோம்.

ஆண்டு முடிவில் இத்திட்டத்தில் எத்தனை கோடி கடன் வழங்கப்பட்டது என்று அரசு கணக்குக் காட்டும். கடன் பெற்ற நிறுவனங்களிடமிருந்து அரசுத் துறைகள் எத்தனை கோடிக்குப் பொருள் வாங்கின என்பதையும் அதே பக்கத்தில் காட்ட வேண்டும். இதைக் கேட்டு நிதியமைச்சகத்துக்கும் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கும் இந்த இதழ் கடிதம் எழுதுகிறது. உங்கள் நிறுவனத்தின் தலைப்புத்தாளில் நீங்களும் எழுதுங்கள். இரண்டாவது எண் வெளிவரும் வரை முதல் எண்ணைச் சாதனை என்று நாங்கள் எழுத மாட்டோம்.