அரைவேக்காட்டு மாட்யூல்களும் முழுவேக்காட்டுத் தன்னம்பிக்கையும்

பைத்தான் சர்வர்களில் மாட்யூல்களைத் தொடக்கத்திலேயே இம்போர்ட் செய்வது பழைய காலத்துப் பயம், எந்த த்ரெட்டுக்கு எது எப்போது தேவையோ அப்போது அதுவே ஏற்றிக்கொள்ளட்டும் என்று நண்பர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். கூடவே 30 வரியில், தன் சொந்தக் கைவண்ணமாக, 'பாதுகாப்பான ஏற்றி' ஒன்றையும் இணைத்திருக்கிறார். கட்டுரையோடு நிறுத்தியிருந்தால் கருத்து வேறுபாடு என்று போயிருக்கலாம். அந்த 30 வரியை யாராவது நகலெடுத்து ஓடும் சர்வரில் ஒட்டிவிடுவார்களே என்பதால்தான் இந்த எதிர்வினை. சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையைப் பேசும் பரபக்கம் முந்தும், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் பிந்தும். அந்த மரியாதையை நண்பருக்கும் தருவோம், முதலில் அவர் பக்கத்தையே கேட்போம்.

அவருடைய முதல் தூண் ஜிஐஎல், அதாவது பைத்தான் இன்டர்ப்ரெட்டரின் ஒட்டுமொத்த லாக். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைட்கோடை ஓட்ட முடியும், ஆகவே ஓர் இம்போர்ட்டின் நடுவே இன்னொரு த்ரெட் நுழைய வழியே இல்லை என்கிறார். 'ஆகவே'க்கு முன்னால் இருப்பது உண்மை, பின்னால் இருப்பது அவருடைய ஆசை. ஜிஐஎல் காப்பது இன்டர்ப்ரெட்டரின் உள்விவகாரங்களை. உங்கள் நிரல் எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. வேறொரு த்ரெட் காத்திருந்தால் 5 மில்லிசெகண்டில் அது கை மாறும், வட்டிலிருந்து கோப்பைப் படிக்கும் நேரத்தில் அதற்கும் முன்பே கை மாறும். மாட்யூலை ஏற்றுவது என்பதோ கோப்பைப் படிப்பதோடு முடிகிற காரியம் அல்ல, அதன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஓட்டியாக வேண்டும். அதிலும் அந்த மாட்யூலின் பெயர் சிஸ்.மாட்யூல்ஸ் அகராதியில் ஏறுவது முதல் வரி ஓடுவதற்கு முன்பாகவே. அப்படி ஏறாவிட்டால் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் இரண்டு மாட்யூல்கள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, பெயர் வந்துவிட்டது, பொருள் இன்னும் வேகவில்லை என்ற இடைவெளி ஒவ்வொரு இம்போர்ட்டிலும் இருக்கிறது. நண்பரின் கட்டுரையில் இந்த இடைவெளியைப் பற்றி ஒரு வரியாவது உண்டா?

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பைத்தான் 2-இல், தேதியை எழுத்திலிருந்து நேரமாகப் பிரித்துத் தரும் ஸ்ட்ர்பி-டைம் என்ற அப்பாவி ஃபங்ஷன், முதன்முறை அழைக்கப்படும்போது உள்ளே இன்னொரு மாட்யூலை இழுத்துக்கொள்ளும். இரண்டு த்ரெட்கள் ஒரே சமயத்தில் அந்த முதல் அழைப்பை விடுத்தால், ஒன்று ஏற்றிக்கொண்டிருக்கும், மற்றது சிஸ்.மாட்யூல்ஸில் பெயரைப் பார்த்து, எல்லாம் தயார் என்று நம்பிக் கைநீட்டி, அப்படி ஒரு பண்பே இல்லை என்ற அட்ரிபியூட்-எர்ரரோடு செத்துப்போகும். பைத்தானின் பிழைப் பட்டியலில் 7980 என்ற எண்ணில் இது பதிவாகியிருக்கிறது. பலரும் கண்ட வைத்தியம், த்ரெட்கள் பிறப்பதற்கு முன் அந்த ஃபங்ஷனைச் சும்மா ஒருமுறை அழைத்துவைப்பது. அதாவது, நண்பர் 'பழைய காலத்துப் பயம்' என்று எள்ளுகிற அதே காரியம். அவர் நம்பியிருக்கும் ஜிஐஎல் அன்றைக்கும் சர்வ வல்லமையோடு கொலுவிருந்தது என்பதை நினைவூட்டட்டுமா?

இரண்டு பத்தி தள்ளி அவரே தன் தூணைச் சாய்க்கிறார். 2012-இல் வந்த 3.3 பதிப்பு, அதுவரை எல்லா இம்போர்ட்டுக்கும் பொதுவாக இருந்த ஒற்றை லாக்கைக் கைவிட்டு, மாட்யூலுக்கு ஒரு லாக் என்று மாற்றிவிட்டது, ஆகவே இனி கவலையே இல்லையாம். ஜிஐஎல்லே போதும் என்றால் இந்த லாக் எதற்கு? லாக் வேண்டும் என்றால் ஜிஐஎல் புராணம் எதற்கு? போகட்டும், அந்த லாக் என்ன செய்கிறது என்றாவது படித்தாரா? ஒரு த்ரெட் 'அ'வை ஏற்றும்போது 'ஆ'வைக் கேட்கிறது. அதே கணத்தில் இன்னொரு த்ரெட் 'ஆ'வை ஏற்றும்போது 'அ'வைக் கேட்கிறது. தருக்க நூலார் அந்நியோன்னியாசிரயம் என்று குற்றப்பட்டியலில் வைத்த அதே கோலம். இந்த வட்டத்தைப் பைத்தான் கண்டுபிடித்துவிடும், உண்மை. ஆனால் அதை உடைப்பது எப்படி என்றால், ஒரு த்ரெட்டை லாக்குக்குக் காத்திருக்காமல் விட்டு, பாதி வெந்த மாட்யூலையே அதன் கையில் கொடுத்து அனுப்பித்தான். ஒரேயடியாகத் தொங்கிப்போவதைவிட அது மேல் என்று தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு அது. சேதத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேதமே வராது என்ற உத்தரவாதமாகப் படிக்க நண்பரால்தான் முடியும்.

இனி அந்த 30 வரிக்கு வருவோம். சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு தவறுகளை அடுக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும். அவருடைய ஏற்றி முதலில், எந்த லாக்கையும் எடுக்காமல், பெயர் சிஸ்.மாட்யூல்ஸில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வேகத்துக்காகவாம். பைத்தானின் சொந்த இம்போர்ட்டும் அதே இடத்தில்தான் பார்க்கும், ஆனால் 'இது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது' என்ற குறி அந்த மாட்யூலில் இருந்தால் அதன் லாக்குக்காகக் காத்திருக்கும். அந்தக் காவலைத்தான் நண்பர் நீக்கியிருக்கிறார். பைத்தான் 2-இல் ஸ்ட்ர்பி-டைமைக் கவிழ்த்த அதே பிழையை, இத்தனை ஆண்டு கழித்து, 'பாதுகாப்பான' என்ற பட்டத்தோடு மறுபதிப்புச் செய்திருக்கிறார்.

பெயர் இல்லாவிட்டால் தன் லாக்கை எடுத்துக்கொண்டு மாட்யூலை ஏற்றுகிறார். அது சாதாரண லாக், அதை எடுத்த த்ரெட்டே மறுபடி கேட்டாலும் கொடுக்காது. ஏறும் மாட்யூலின் மேல்மட்ட வரிகளில் ஒன்று இதே ஏற்றியை அழைத்தால் என்ன ஆகும்? தன் கையிலேயே இருக்கும் லாக்குக்காக அந்த த்ரெட் காலமெல்லாம் காத்து நிற்கும். த்ரெட்களின் மோதலைத் தடுக்க வந்த கருவி, இரண்டாவது த்ரெட்டே இல்லாமல் தனியாளாகத் தொங்குகிறது! சரி, எடுத்த த்ரெட்டுக்கே மறுபடியும் கொடுக்கும் ஆர்லாக் போட்டுவிடுகிறேன் என்பார். போட்டாலும் தப்ப முடியாது. ஒரு த்ரெட் அவருடைய லாக்கைப் பிடித்தபடி 'அ'வின் லாக்குக்குக் காத்திருக்கிறது. இன்னொரு த்ரெட் சாதாரண இம்போர்ட்டில் 'அ'வின் லாக்கைப் பிடித்து அதன் வரிகளை ஓட்டும்போது, அதில் ஒரு வரி நண்பரின் ஏற்றியை அழைக்கிறது. வட்டம் மூடிவிட்டது. பைத்தான் கண்டுபிடிப்பது மாட்யூல் லாக்குகளுக்குள் அமையும் வட்டத்தை மட்டுமே. நண்பரின் லாக் அதன் கண்ணுக்குத் தெரியாது. எர்ரர் வராது, பதிவுக் கோப்பில் ஒரு வரி விழாது, சர்வர் சத்தமில்லாமல் நின்றுவிடும். பைத்தான் தானாகவே அவிழ்த்திருக்கக்கூடிய சிக்கலை அவிழ்க்கவே முடியாததாக மாற்றித் தந்திருக்கிறார். இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்.

இவ்வளவு பாடும் எதற்காக? கட்டுரையின் நடுவே பெருமையோடு வைத்திருக்கும் அந்த வரைபடத்துக்காக. சர்வர் எழுந்து நிற்கும் நேரம் குறைந்துவிட்டதாம். எங்கே குறைந்தது? மாட்யூலை ஏற்றும் செலவு அப்படியே இருக்கிறது, அதைக் கட்டும் ஆள்தான் மாறியிருக்கிறார். முன்பு டிப்ளாய் செய்பவர் சுமந்ததை இப்போது முதல் ரிக்வெஸ்டோடு வருகிற வாடிக்கையாளர் சுமக்கிறார், அவருடைய தாமதம் வரைபடத்தில் வராது. விடுபட்ட லைப்ரரி ஒன்று டிப்ளாய் செய்யும்போதே இம்போர்ட்-எர்ரராகக் கத்தியிருக்கும். இப்போது அது நள்ளிரவில், யாரும் தொடாத ஒரு மூலையில், ஏதோ ஒரு த்ரெட்டில் கத்தும். மேலாளருக்குக் காட்டுவதற்கு அழகான கோடு, இரவுப் பணியில் இருப்பவருக்கு அலறும் போன்.

சாட்சிக்கு இன்ஸ்டாகிராமை அழைக்கிறார். மெட்டா தன் சொந்தப் பைத்தான் பதிப்பான சிண்டரில், தேவைப்படும்போதே ஏற்றும் சோம்பல் இம்போர்ட்டைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் அதே இன்ஸ்டாகிராம் பொறியாளர்கள் 2017-இல் தங்கள் சர்வர் அமைப்பை விளக்கியபோது சொன்னது என்ன? தாய்ப் பிராசஸிலிருந்து ஃபோர்க் செய்து பிள்ளைகளை உண்டாக்குகிறோம், நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கிறோம், அந்தப் பகிர்வு கெடாமல் இருக்கக் குப்பை சேகரிப்பானையே நிறுத்தினோம் என்றார்கள். முன்கூட்டி ஏற்றிவைத்தால்தானே பகிர்ந்துகொள்ள ஏதாவது இருக்கும்? ஒரு நிரலின் இம்போர்ட்டுகளை ஒட்டுமொத்தமாகச் சோம்பலாக்க வழிசெய்ய வந்த பெப் 690 என்ற முன்மொழிவைப் பைத்தானின் வழிநடத்தும் குழு 2022-இல் நிராகரித்தது. பின்னர் ஏற்கப்பட்ட பெப் 810-உம், எந்த இம்போர்ட் சோம்பலாக வேண்டும் என்று நிரலர் தன் கையால் எழுதிக் காட்டச் சொல்கிறது. நண்பரின் சாட்சிகள் குறுக்கு விசாரணையில் அவருக்கு எதிராகவே பேசுகிறார்கள்.

ரூபியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் ஒன்றரை வரிக்கு ஒரு வரி போதும்: ரயில்ஸ் சோம்பலாக ஏற்றுவது டெவலப்மென்டில், புரொடக்‌ஷனில் எல்லாவற்றையும் முன்பே ஏற்றிவிடுவதுதான் அதன் இயல்பு. ஜாவாவோ, ஒரு கிளாஸ் துவங்கி முடியும்வரை மற்ற த்ரெட்கள் காத்திருக்க வேண்டும் என்று மொழி வரையறையிலேயே விதித்திருக்கிறது. அப்படியும் இரண்டு கிளாஸ்களின் ஸ்டாட்டிக் பகுதிகள் ஒன்றையொன்று தொட, இரண்டு த்ரெட்கள் எதிரெதிராக வந்தால் டெட்லாக்தான்.

ஆறு மாதமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய கடைசி வாதம். இதை நான் மறுக்கப்போவதில்லை. 2024 அக்டோபரில் 3.13-இல் சோதனையாக வந்த, ஜிஐஎல் இல்லாத பைத்தான், 2025 அக்டோபரின் 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்ற விருப்பத் தேர்வாகிவிட்டது. அவருடைய முதல் தூண் அங்கே கிடையாது, த்ரெட்கள் நிஜமாகவே ஒரே கணத்தில் ஓடும், மறுப்பை அந்தச் சர்வரே எழுதிக்கொள்ளும்.

அந்த 30 வரியை ஏற்கெனவே எடுத்து ஒட்டியிருப்பவர்கள், ஜிஐஎல் இல்லாத பைத்தானுக்குப் போவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். த்ரெட்பூல் பிறக்கும் வரிக்கு மேலே உங்கள் இம்போர்ட்டுகளை எழுதுங்கள். எந்த மாட்யூலாவது தன் மேல்மட்ட வரிகளிலேயே த்ரெட்டைத் தொடங்கி அது முடியக் காத்திருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.