பிக்குணிகளுக்கு மட்டும் வேறு நியாயமா?

தேரவாத நாடுகளில் பெண்களுக்கு முழுத் துறவு அளிப்பதை மறுப்போர் முதன்மையாகச் சொல்லும் காரணம், பிக்குணிப் பரம்பரை அறுந்துவிட்டது என்பதாகும். பெண்ணொருத்தி உபசம்பதை பெறப் பிக்கு சங்கம், பிக்குணி சங்கம் இரண்டும் வேண்டும் என்பது விநய மரபு. பிக்குணிகளே இல்லாதபோது புதிய பிக்குணியை யார் உருவாக்குவது? கேட்பதற்குத் தர்க்கம் போலத்தான் இருக்கிறது. இலங்கை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஓரவஞ்சனை என்றே சொல்லத் தோன்றுகிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் மகள் சங்கமித்திரை அனுராதபுரத்தில் நிறுவியதாக மகாவம்சம் கூறும் பிக்குணி சங்கம், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றிருந்தது. 11ஆம் நூற்றாண்டில், சோழப் படையெடுப்பை ஒட்டிய சிதைவில் அது மறைந்தது. (சோழப் பெருமை பேசும் நாம் இந்தப் பக்கத்தை அதிகம் புரட்டுவதில்லை.) பிக்கு சங்கமும் அப்போது நொடித்துத்தான் போயிற்று. ஆனால், சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து ஆண்களின் மரபை மீட்டான். 18ஆம் நூற்றாண்டில் முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்கு ஒருவரும் தீவில் இல்லாத நிலை வந்தது. 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரர் வந்து மீண்டும் அதைத் தொடங்கிவைத்தார். சியாம் நிகாயம் என்ற பெயரே அந்த இரவலுக்குச் சாட்சி. அவ்வாறு பெற்றதில் இழிவொன்றுமில்லை. அதே வழியைப் பெண்கள் நாடும்போது மட்டும் ஏன் கதவு மூடப்படுகிறது?

அவர்களுக்கும் வழி இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் சிங்களப் பிக்குணிகள் கடல் கடந்து சீனம் சென்று, அங்குள்ள பெண்கள் இரு சங்கத்தார் முன்னிலையில் உபசம்பதை பெறக் காரணமாயினர். அந்தக் கொடி கிழக்காசியாவில் பட்டுப்போகவில்லை. 1996இல் சாரநாத்தில் கொரியத் துறவியர் துணையோடும், 1998இல் புத்தகயையில் தைவானியத் துறவியர் துணையோடும் இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றனர். அதே 1998இல் தம்புள்ளையில், இலங்கை மண்ணிலேயே அது நிகழ்ந்தது. "கொடுத்தவர்கள் மகாயானத்தார்" என்பது மறுப்பாளர் வாதம். சீன மரபினர் கைக்கொள்ளும் தர்மகுப்தக விநயம் பழைய பௌத்தப் பள்ளிகளுள் ஒன்றினுடையது. மகாயானத்துக்கெனத் தனியே புறப்பட்டதன்று.

இதை வெறும் சடங்குச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. துறவின் படிநிலையே கல்வியின் எல்லையையும் வகுக்கிறது. திபெத்திய மரபில் பிக்குணி உபசம்பதை வேரூன்றவில்லை. பெண்துறவியர் காலங்காலமாகப் பூசையும் பாராயணமுமாகவே இருந்தனர். திபெத்திலிருந்து தப்பி இந்தியா வந்தவர்களுள் தம் பெயரை எழுதத் தெரியாதவர்களும் பலர். விநயம் முழுவதையும் கற்க முழுத்துறவு வேண்டும், முழுத்துறவு அவர்களுக்கு இல்லை, ஆகவே கெஷே பட்டமும் இல்லை! இந்த வட்டத்தை உடைக்கப் பல்லாண்டு ஆயிற்று. 2016இல் 20 பெண்துறவியர் நீண்ட தத்துவப் படிப்பையும் நான்காண்டுத் தேர்வுகளையும் முடித்து கெஷேமா பட்டம் பெற்றனர். 2022இல் பூட்டானில் 144 பெண்கள் உபசம்பதையும் பெற்றனர்.

தமிழ் கற்றோர்க்கு இதில் வியப்பில்லை. வஞ்சியில் சமயவாதிகளிடம் பொருள் கேட்கச் செல்லும் மணிமேகலை ஆண் துறவியின் வடிவம் கொள்கிறாள். இளம்பெண் என்று அறிந்தால் எவரும் சொல்லித்தர மாட்டார்கள் என்பது தெய்வம் அவளுக்குத் தந்திருந்த எச்சரிக்கை. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு சற்று அமைதியாகிவிடுவார்கள். பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைக் கற்பித்த பிறகே அவள் நோன்பு தொடங்குவதாகக் காப்பியம் முடிகிறது. துறவுக்கு முன் தர்க்கம் என்ற அந்த வரிசையைச் சாத்தனார் தற்செயலாக அமைத்ததாக நான் கருதவில்லை.

அடையாள அட்டையில் 'பிக்குணி' என்று குறிக்கப்படுவதற்கே இலங்கைத் துறவியர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2025இல்தான் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கத் தலைமைகளின் மனம் மாறுவது அவ்வளவு எளிதன்று. அதுவரை கொடையாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய விகாரைக்கும் பொன்முலாம் சிலைக்கும் கொடுப்பவர்கள், அதில் ஒரு பங்கைப் பெண்துறவியர் மடங்களில் பாலி கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்துக்கும் நூல்களுக்கும் ஒதுக்கலாம். எவருடைய அனுமதியும் அதற்குத் தேவைப்படாது.