தொட்டால் சிணுங்கும் பொம்மை

காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் நெற்றியில் ஏன் கையை வைக்கிறோம்? ஜுரம் எத்தனை டிகிரி என்று சொல்லத்தான் தெர்மாமீட்டர் இருக்கிறதே! ஆனாலும் கை தானாகப் போகிறது. குழந்தையும் அந்தக் கைக்குத்தான் கண்ணை மூடுகிறது.

இதற்கு உடம்பிலேயே தனி ஏற்பாடு உண்டு. ரோமம் உள்ள தோலில் சில மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் இதமாக வருடினால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். அவசரத் தடவலுக்கு அவ்வளவாக மசியாது!

சரி, வருடிவிட ஒரு கை இல்லாதவர்கள்?

ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா என்ற விஞ்ஞானி, மனிதரோடு ஒட்டி உறவாடும் யந்திரத்துக்கான ஆராய்ச்சியை 1993-ல் தொடங்கினார். அதன் பலன்தான் 'பாரோ'. வெள்ளை வெளேரென்று ரோமம் போர்த்த சீல் குட்டி. எடை சுமார் 2.7 கிலோ, பச்சைக் குழந்தையின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரோமத்துக்கு அடியில், தொடுவதை அறியும் கருவிகள். தடவிக் கொடுத்தால் குழைகிறது. அடித்தால் சிணுங்குகிறது. ஒரு பெயர் வைத்து அழைத்து வந்தால், நாளடைவில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறது. மின்சாரம் ஏற்றுவது எப்படித் தெரியுமா? ரப்பர் சூப்பான் மாதிரி ஒன்றை அதன் வாயில் வைத்து!

ஏன் சீல்? பூனை யந்திரமும் செய்து பார்த்தார்கள். நிஜப் பூனையோடு பழகியவர்களுக்கு அதில் ஆயிரம் குறை தெரிந்தது. சீலை மடியில் வைத்துக் கொஞ்சியவர் யார் இருக்கிறார்கள், குறை சொல்ல?

2005-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2009-ல் அமெரிக்க அரசாங்கம் அதை மருத்துவச் சாதனமாக ஏற்றது. முதியோர் இல்லங்களில், மறதி நோயால் தவிப்பவர்களின் மடியில் இதை வைக்கிறார்கள். பதற்றம் தணிவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஷெர்ரி டர்க்கிள் என்ற அமெரிக்கப் பேராசிரியை வேறொன்றைப் பார்த்தார். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு மூதாட்டி, தன் துக்கத்தையெல்லாம் பாரோவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவள் கண்ணையே பார்ப்பது போலிருந்தது. அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் அதிசயித்தார்கள். டர்க்கிளுக்கோ நெஞ்சு கனத்தது. சாவு என்றால் என்னவென்று அறியாத ஒன்றிடம் போயா இதைச் சொல்லவேண்டும்!

அவர் பக்கம்தான் நானும் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன். என் பெரிய பாட்டியைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆபீஸ், வீடு, மழை என்று எத்தனையோ சாக்கு!

ஞாயிற்றுக்கிழமை போனேன். பாரோவின் படத்தைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஏண்டி, நான்தான் இதைத் தடவிக் கொடுக்கணுமா? இது என்னைத் தடவிக் கொடுக்காதோ?"

"கொடுக்காது பாட்டி."

"அப்படியா?" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, கால் குடைகிறது என்று மெதுவாக என் பக்கம் நீட்டினாள்.