வினையூக்கி சும்மா நிற்பதில்லை

ராஜா அண்ணாமலைபுரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் வெளிச்சுவரைப் பாருங்கள். மழைக்கும் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுக்கும் எமல்ஷன் பெயிண்டில் பெரும்பாலும் அக்ரிலிக் அமிலத்திலிருந்து வந்த பிசின் இருக்கும். இந்த நிறைவுறாக் கார்பாக்சிலிக் அமிலத்தைப் பெருமளவு இறக்குமதியே செய்துவந்தோம். 2021 பிப்ரவரியில் கொச்சியில் பாரத் பெட்ரோலியத்தின் ஆலை தொடங்கப்பட்டது.

புரோப்பிலீன் வாயு, பிஸ்மத்-மாலிப்டினம் ஆக்சைடின் மேல் அக்ரோலீன் ஆகிறது. பிறகு மாலிப்டினம்-வனேடியம் ஆக்சைடின் மேல் அமிலமாகிறது.

வினையூக்கி வினையில் பங்கு கொள்ளாது என்று மனப்பாடம் செய்திருக்கிறீர்களா? அந்த வரியை அடித்துவிடலாம் என்பேன். இங்கே புரோப்பிலீனுடன் சேரும் ஆக்சிஜனை ஆக்சைடு தன் படிகத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது; அந்தக் குறையைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. கைமாற்று வாங்கிக் கொடுப்பது போலத்தான்! இது எப்படித் தெரிந்தது? சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் சற்றே கனமான ஆக்சிஜன்-18 வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆனால் முதலில் வெளிவந்த அக்ரோலீனில் இருந்ததோ பெரும்பாலும் ஆக்சிஜன்-16. 1970-லேயே வெளியான முடிவு இது.

வினையூக்கி என்றும் மாறாது என்பதும் முழு உண்மையன்று. நீராவி பட்டு மாலிப்டினம் சிறிது சிறிதாக ஆவியாகிவிடுகிறது. ஆகவே சில ஆண்டுகளுக்கொருமுறை ஆலைக் குழாய்களில் புதிய வினையூக்கியை நிரப்ப வேண்டியிருக்கிறது.