தகடு தருவது அரசின் கடமை

வாகன இலக்கத் தகட்டை ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அரசே சொல்லும் நிலை ஒரு நாட்டில் வரக்கூடாது. இங்கே 2025இல் வந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் முடங்கிக் கிடந்த தனியார் வாகன இறக்குமதி அந்த ஆண்டு பெப்ரவரியில் திறந்துவிடப்பட்டது. புது வாகனங்கள் வந்து குவியும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் தகடுகளுக்கான கொள்வனவு நடைமுறை இழுபட்டது. பதிவுக்கான பணத்தைக் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். உரிய அளவிலும் வடிவிலும் தற்காலிகத் தகடு ஒன்றைத் தாங்களே செய்து மாட்டிக்கொள்ளலாம் என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் வழி சொன்னது.

இந்த வழியை நாம் ஏற்கவில்லை. கல்முனை பிரதான வீதியில் ஒரு வேன் இரவில் மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் பறந்தால், வீதியோரம் நின்றவருக்குக் கிடைப்பது இரண்டொரு வினாடிதான். அதற்குள் பின்பக்கத்து மஞ்சள் தகட்டில் சில எழுத்தும் இலக்கமும் கண்ணில் பட்டால்தான் பொலிஸார் தேடிப்பிடிக்க வழியுண்டு. எழுத்து இன்ன அளவில் இருக்கவேண்டும் என்று விதித்ததும், தகட்டில் அரச இலச்சினை பதித்ததும் இதற்காகத்தான்: ஒன்று தூரத்திலிருந்தே வாசிக்க, மற்றது போலியைப் பிரித்தறிய. கடை ஸ்டிக்கரில் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. யாரும் யாருடைய இலக்கத்தையும் ஒட்டிக்கொண்டு ஓடலாம். அந்த இலக்கத்தில் ஒரு குற்றம் நடந்தால், பொலிஸார் முதலில் போய் நிற்பது ஒன்றுமறியாத ஒருவரின் வாசலில்.

தகட்டின் பெயரால் இந்த நாடு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. தனிச் சிங்களச் சட்டத்தை அடுத்து, 1957இலிருந்து வாகனங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. 1958 மார்ச்சில் அந்த எழுத்தோடு அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம். பின்னாளில் அந்த எழுத்து போய், ஆங்கில எழுத்துத் தகடுகள் வந்தன. கூடவே வந்த மாகாணக் குறியையும் 2023 ஜனவரியிலிருந்து நீக்கினார்கள். அது நல்ல முடிவு. வேறு மாகாணத்தில் பழைய உழவு இயந்திரம் வாங்கும் நம்மூர் விவசாயி, பெயர் மாற்றும்போது மாகாண எழுத்துக்காக மட்டும் புதுத் தகட்டுக்குக் காசு கட்டி அலையத் தேவையில்லாமல் போனது. மக்களின் சிரமத்தைக் குறைக்கத் தெரிந்த திணைக்களம், தகட்டை நேரத்துக்குக் கொடுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

தவறு முழுவதும் கொழும்பில்தான் என்று நாம் சொல்லவரவில்லை. நாவிதன்வெளியிலும் சவளக்கடையிலும் மத்தியமுகாமிலும் பெரும்போக விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து வீதிக்கு ஏறும் உழவு மெசின்களைப் பாருங்கள். முன்தகட்டில் சேறு காய்ந்து இலக்கம் தெரியாது. இழுவைப் பெட்டியைப் பூட்டினால் பின்தகடு அதற்குப் பின்னால் மறைந்துபோகும்; பெட்டியின் பின்பலகையிலோ தூரிகையால் எழுதி மங்கிப்போன நாலு எழுத்து, சிலவற்றில் அதுவும் இல்லை. கிட்டங்கிப் பாதையில் அந்தி மங்கும் நேரத்தில் இப்படி ஒரு பெட்டி முன்னால் போனால், பின்னால் வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு? தகட்டைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் போதும். இதற்குத் தண்டம் எழுதும் பொலிஸாரை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால், பணம் கட்டிய ரசீதோடு தகட்டுக்குக் காத்திருப்பவரை வீதியில் மறித்துத் தண்டம் எழுதுவது அநியாயம்.

இதைவிட ஆழமான வருத்தம் நமக்கு இன்னொன்றில் இருக்கிறது. இப்பகுதியில் எத்தனையோ மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் ஓபன் பேப்பரில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. விற்றவர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் மூன்று, நான்கு பேரிடம் போய்விடும். புத்தகத்தில் இருப்பது முதலாமவர் பெயர். தகடு அசலாக இருந்தாலும் அது காட்டும் ஆள் வேறு. விற்பனையை 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது வாகன இலக்கத்தின் கடைசி எண்ணே நமக்கு எந்த நாள் பெற்றோல் என்று தீர்மானித்தது. இலக்கம் எவ்வளவு பெறுமதியானது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது; பெயர் மாற்றும் விடயத்தில் மட்டும் அது மறந்துபோகிறது.

திணைக்களத்திடம் நாம் கேட்பது மூன்று. நிலுவையிலுள்ள தகடுகளைப் பதிவுத் திகதி வரிசையில் கொடுங்கள். எந்தத் திகதி வரை கொடுத்தாயிற்று என்பதை மாதந்தோறும் தமிழிலும் அறிவியுங்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் பெறுவதுபோலத் தகட்டையும் அங்கேயே கையில் பெற வழிசெய்யுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நாரஹேன்பிட்டிக்கு ஒரு நெல் விவசாயியை அனுப்பும் முறை இனியும் வேண்டாம்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வாகனப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், விற்றவரைத் தேடிப்பிடித்து இந்த மாதமே மாற்றிக்கொள்ளுங்கள்.